பிள்ளைகளும் மின்சாரமும்

மின்சாரம் என்றால் என்னவென்று நம் பிள்ளைகளைக் கேட்டால், புத்தகத்தில் உள்ளதை மடமடவென்று ஒப்பித்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு பாட்டரியும், ஒரு டார்ச்சு பல்பும், ஒரு சாண் செப்புக் கம்பியும் கையில் கொடுத்து, "எரிய வை, பார்ப்போம்" என்றால் விழிக்கிறார்கள். இது பிள்ளைகளின் குற்றமா? கையைக் கட்டிக்கொண்டு காதை மாத்திரம் திறந்துவை என்கின்ற படிப்பு முறையின் குற்றமேயாகும்.

பெரும்பாலான பிள்ளைகள் முதலில், பாட்டரியின் ஒரு முனையிலிருந்து மாத்திரம் கம்பியைக் கொண்டுபோய்ப் பல்பைத் தொட்டுப் பார்ப்பார்கள். எரியாது. அப்போது நாம் வாயைத் திறக்கக்கூடாது. புரட்டிப் புரட்டிப் பார்க்கட்டும். பல்பின் அடிமுனை பாட்டரியின் குமிழிலும், பாட்டரியின் அடித்தகட்டிலிருந்து வரும் கம்பி பல்பின் பக்கத்து உலோகத்திலும் பட்டவுடன் எரிந்துவிடும். மின்சாரத்துக்குப் போக வழி இருந்தால் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும் என்பதை அந்தப் பிள்ளை ஆயுளுக்கும் மறக்காது.

பிறகு இன்னொரு கம்பியும் சேர்த்து, வழியில் ஓர் இடைவெளி விட்டு, அதில் காசு, சாவி, நூல், ஈர்க்குச்சி ஒவ்வொன்றாக வைக்கட்டும். வைக்குமுன்பே, எரியுமா எரியாதா என்று சொல்லச் சொல்லுங்கள்.

இரண்டு பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால், முதல் பல்பு தின்றது போக மீதிதான் இரண்டாவதுக்கு என்று பலர் நினைப்பார்கள். ஒரே மாதிரியான பல்புகளானால் இரண்டும் சமமாகவே மங்கி எரியும். தனித்தனிக் கம்பி கொடுத்தால் இரண்டும் நன்றாக எரியும். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது அணையாது. நம் வீட்டு விளக்குகள் இவ்விதமே இணைக்கப்பட்டிருக்கின்றன.

இத்தாலியில் கால்வானி என்பவர், செத்த தவளையின் கால் துடித்ததைக் கண்டு, மின்சாரம் தவளையின் உடம்பிலேயே இருப்பதாகச் சொன்னார். பெரிய பண்டிதர் சொல்லிவிட்டார் என்று வோல்ட்டா சும்மா இருந்துவிடவில்லை. தவளையே இல்லாமல், துத்தநாகத் தகடும் வெள்ளித் தகடும், இடையில் உப்புநீரில் நனைத்த அட்டையுமாக அடுக்கி, மின்சாரம் உண்டாவதை 1800இல் உலகத்துக்கு அறிவித்தார். இன்றைய பாட்டரிக்கு மூதாதை அதுவே.

ஒரு எச்சரிக்கை. இவையெல்லாம் 1.5 வோல்ட் பாட்டரியில்தான்; வீட்டில் வரும் 230 வோல்ட் ஆளைக் கொல்லும். பல்பில்லாமல் பாட்டரியின் இரு முனைகளையும் கம்பியால் இணைத்தாலும் கம்பி சுடும். மற்றொன்று: ஆண்பிள்ளை கம்பியைப் பிடிக்க, பெண்பிள்ளை நோட்டில் எழுதுவது என்கின்ற ஏற்பாடு வேண்டாம். பல்புக்கு அந்தப் பேதம் தெரியாது.

தோழர்களே! வாத்தியார் சொன்னதற்காகப் பல்பு எரிவதில்லை. வழி சரியாக இருப்பதால் எரிகிறது. இதைக் கண்ட பிள்ளை, நாளைக்கு நாம் எதைச் சொன்னாலும் "செய்து பார்த்தீர்களா?" என்று கேட்கும். அப்போது அதிகப்பிரசங்கி என்று அதட்டாமல் பதில் சொல்லுங்கள்.