சிகிச்சைக்குப் பின்னும் ஒரு கடமை

 

ஆண்டு விழா மேடையில் பேசத்தக்க பொருளோ இது எனச் சிலர் எண்ணலாம். நாணத்தால் மறைக்கப்படும் நோயே பெருங்கேடு செய்கின்றது. ஆதலின், ஆசனவாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடிந்தபின் செய்துகொள்ள வேண்டிய ஸ்கோப் சோதனை பற்றிச் சில கூற விழைகின்றோம்.

இந்நோய் அரிதானதே. இரத்தக் கசிவு, வலி, அரிப்பு, சிறு கட்டி ஆகியன இதன் குறிகள். அவற்றை மூலம் என்று கருதிக் களிம்பு தடவிக் காலங் கடத்துவோர் பலர். முன்னாளில் ஆசனவாயையே அறுத்தெடுத்து, வயிற்றில் மலம் செல்ல வழி அமைப்பதே மருத்துவமாக இருந்தது. 1974-இல் அமெரிக்க நாட்டு டெட்ராய்ட் நகரத்து அறுவை மருத்துவர் நார்மன் நைக்ரோ, கதிர்வீச்சும் மருந்தும் சேர்த்துப் பெற்ற மூவரைப் பற்றி எழுதினார். அறுவை செய்துகொண்ட இருவரிடத்தும், எடுத்த சதையில் புற்றின் சுவடே இல்லை. மூன்றாமவர் கத்திக்கு இசையவில்லை. அவரும் நோயின்றி இருந்தார். அதன்பின் கத்தி படிப்படியாகப் பின்னுக்குச் சென்றது.

உறுப்பு காக்கப்பட்டது, அதனுடன் ஒரு கடமையும் வந்து சேர்ந்தது. நோய் இருந்த இடம் உடலிலேயே இருத்தலின், அதனைக் கண்காணித்தல் வேண்டும். கட்டி கரைவதற்குச் சிலருக்கு 26 வாரங்கள் வரை ஆகும். முதற் சோதனையில் சிறிது மிச்சம் தெரிந்தால் மனமுடைய வேண்டா. நோய் மீளுமாயின் பெரும்பாலும் முதல் 3 ஆண்டுகளுக்குள் மீளும். ஆகவே 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறை, 5 ஆண்டுகள் வரை, மருத்துவர் விரலால் சோதித்துத் தொடை இடுக்கில் நெறி கட்டியுள்ளதா எனவும் பார்ப்பர். முதல் 3 ஆண்டுகளில் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கோப் வைத்து நோக்குவர்.

அந்த ஸ்கோப் யாது? விரல் நீளமுள்ள சிறு குழாயே. ஒருக்களித்துப் படுத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கதிர் பட்ட வழி சுருங்கியிருந்தால் வலிக்கலாம். அதை முன்னரே சொன்னால் மரத்துப்போகும் களிம்பும் சிறிய குழாயும் கொள்வர். பெண்கள், உடன் ஒரு செவிலி நிற்கக் கேட்கலாம். மீண்ட நோயைத் தொடக்கத்திலேயே கண்டால் அறுவையால் குணமாக இன்னும் வாய்ப்புண்டு. காலம் தாழ்த்தினால் அவ்வாய்ப்புக் குறையும்.

இரேணிகுண்டாவில் வாழும் நமக்குத் தொலைவு ஒரு தடையன்று. அருகே திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியற் கழகமும், டாட்டா அறக்கட்டளைகளின் முயற்சியால் 2022-இல் திறக்கப்பெற்ற புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன. இரயிலேறினால் காட்பாடி வழியே வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் முயற்சியால் 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிலையம்.

உண்மைத் தடை வேறு. கடைவீதியில் தெலுங்கு பேசும் நம் முதியோர், உடலின் மறைவிடத்து வலியைத் தெலுங்கில் சொல்ல நா எழாது மௌனமாகத் திரும்புகின்றனர். நாள் குறித்த சோதனைக்கு மறுமுறை செல்வதும் இல்லை. இரு மொழியும் அறிந்த நம் இளைஞரும் நங்கையரும் அவர்களுடன் துணை சென்று, அவர்தம் சொல்லை மருத்துவரிடம் சேர்ப்பாராக. தமிழால் கூடிய சங்கம் தமிழரின் துயர் நேரத்தில் செய்யத்தக்க தொண்டு இதனினும் வேறு உண்டோ?

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!