மீன்முள் வரியும் மரத்தின் குரலும்



பழைய பாணிக் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்கும்போது, முதல் கேள்வி பெரும்பாலும் ஓரத்து வரியைப் பற்றித்தான் வரும். முகப்பலகையைச் சுற்றி, மீன்முள்ளைப் போலச் சாய்ந்து சாய்ந்து ஓடும் மெல்லிய மரப்பதிப்பு அது. ஹெர்ரிங்போன் என்பார்கள். "அது இருந்தால்தானே பழைய நாதம் வரும்?" என்று கேட்பார்கள். அந்த வரி எனக்கும் பிடிக்கும். ஆனால் அதற்கும் நாதத்துக்கும் என்ன உறவு என்று தெரிந்துகொண்டால், ஒரு கிட்டாரில் எது கண்ணுக்கு, எது காதுக்கு, எது கைக்கு என்று பிரித்துப் பார்க்கப் பழகிவிடலாம்.

எஃகுக் கம்பி கிட்டாரில் பழைய பாணி என்றால், பெரும்பாலும் 1930களை ஒட்டி அமெரிக்காவில் உருவான வடிவங்களையே சொல்கிறோம். அவற்றில் பெரும்பங்கு மார்ட்டின் நிறுவனத்துடையது. ஜெர்மனியின் சாக்சனியிலிருந்து வந்த கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் மார்ட்டின், 1833இல் நியூயார்க்கில் தொழில் தொடங்கி, சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊருக்குக் குடிபெயர்ந்தார். நிறுவனம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த பெரிய பெயர், மிச்சிகனின் கலமாசூ நகரில் வளர்ந்த கிப்சன்.

முதலில் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போவோம். முகப்பலகையின் கனம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். ஆறு கம்பிகளும் சேர்ந்து அதை 70 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு இழுக்கின்றன. பலகை உடையாமல் காப்பது அதன் உள்பக்கம் பெருக்கல் குறி வடிவில் ஒட்டியிருக்கும் தாங்குகட்டைகள். இந்த அமைப்பு 1840களிலேயே, நரம்புக் கம்பிகள் கட்டிய காலத்திலேயே வந்துவிட்டது. கட்டை கனமாக இருந்தால் பலகை உறுதியாக நிற்கும், ஆனால் அதிராது. மெலிந்தால் நன்றாக அதிரும், ஆனால் நாளடைவில் வயிறு தள்ளும். 1930களின் கைவினைஞர்கள் கட்டைகளின் நடுவே குழிவாகச் செதுக்கி எடையைக் குறைத்தார்கள். அந்தக் காலத்துக் கிட்டார்களின் ஆழ்ந்த கீழ்ச்சுரத்துக்கு இந்தச் செதுக்கல் ஒரு முக்கியக் காரணம். வாசிப்பவர்களோ மேலும் மேலும் கனத்த கம்பிகளைக் கட்டினார்கள். பலகைகள் உப்பத் தொடங்கவே, 1944இன் இறுதியில் மார்ட்டின் செதுக்குவதை நிறுத்தியது.

மீன்முள் வரி அதோடு சேர்ந்து நிற்கவில்லை. அது மேலும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து, பிறகுதான் மறைந்தது. ஆக, 1945, 1946இல் செய்த சில கிட்டார்களில் வரி உண்டு, உள்ளே செதுக்கல் கிடையாது. வரியைப் பார்த்து நாதத்தைத் தேடுகிறவர் அங்கேயே ஏமாறுவார். 1976இல் எச்டி-28 என்ற வடிவத்தில் இரண்டையும் ஒன்றாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கடையில் ஒரு சின்னக் கண்ணாடியும் கைவிளக்கும் கொண்டு நாதத்துளை வழியாக உள்ளே பாருங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருக்க வேண்டும்.

அடுத்தது மரம். பழைய முகப்பலகைகள் அடிரான்டாக் எனப்படும் சிவப்பு ஸ்ப்ரூஸ். எவ்வளவு ஓங்கி மீட்டினாலும் ஒலி கலங்காமல் தாங்கும். 1940களின் நடுவில் அது அருகிப்போக, சிட்கா ஸ்ப்ரூஸ் அந்த இடத்துக்கு வந்தது. விரல் நுனியால் மெல்ல வாசிப்பவருக்கு அடிரான்டாக்கின் முழு வலிமையும் பயன்படாது. அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன், நீங்கள் எவ்வளவு ஓங்கி மீட்டுகிறீர்கள் என்று யோசியுங்கள்.

முதுகுப் பலகைக்கு வருகிறபோது கதை நம் மலைகளைத் தொடுகிறது. 1969 வரை மார்ட்டினின் உயர்ந்த வகைகளுக்கு பிரேசில் ரோஸ்வுட். பிறகு அந்த இடத்தைப் பிடித்தது இந்திய ரோஸ்வுட், அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தோதகத்தி என்றாலும் இதுவே. பிரேசில் மரத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 1992 முதல் கடும் தடை உண்டு. ஈட்டியைக் காக்கத் தமிழ்நாட்டிலும் 1990களில் தனிச் சட்டம் வந்தது. 'பிரேசில் கிடைக்கவில்லை, ஈட்டிதான் கிடைத்தது' என்று யாராவது வருத்தப்பட்டால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. ஈட்டியின் கீழ்ச்சுரம் ஆழமானது, கார்வை நீண்டது. அது தானே தலைநிமிர்ந்து நிற்கும் மரம். பாட்டுக்குத் துணையாக, சுருக்கென்று பேசி ஒதுங்கும் குரல் வேண்டுமென்றால் மஹோகனியைப் பாருங்கள். மார்ட்டினின் டி-18, கிப்சன் 1942இல் கொண்டுவந்த ஜே-45 இரண்டும் அந்த மரத்தாலானவை.

இனி உடல். 1929இல் பெர்ரி பெக்டெல் என்ற பாஞ்சோ கலைஞர், கிட்டாரின் மேல் ஃப்ரெட்டுகளைக் கை எளிதாக எட்ட வேண்டும் என்று கேட்டார். வீணையில் மெட்டு என்கிறோமே, கிட்டாரில் அதுதான் ஃப்ரெட். அதுவரை 12 ஃப்ரெட்டில் உடலோடு சேர்ந்த கழுத்து, அவருக்காக 14 ஃப்ரெட் வரை நீண்டது. ஆர்கெஸ்ட்ரா மாடல், சுருக்கமாக ஓஎம், இப்படிப் பிறந்தது. ட்ரெட்நாட் என்ற வடிவம் வேறொரு தேவைக்கு வந்த விடை. பெரிய உடல், பெரிய ஒலி. 1916இல் பாஸ்டனின் டிட்சன் நிறுவனத்துக்காக முதலில் செய்தார்கள். பெயர் ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலுடையது. பலர் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் அதற்கு ஈடில்லை. நான் விரல்களால் வாசிப்பவன். எனக்கு ஓஎம் மடியில் அடங்குகிறது, ஆறு கம்பியும் ஒரே அளவில் பேசுகின்றன. 12 ஃப்ரெட் கிட்டாரில், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பலகையின் நடுப்பக்கம் நகர்ந்து நிற்பதால் குரல் இன்னும் கனிந்திருக்கும். மேல் ஸ்தாயிக்கு அதிகம் போகாதவர் அதைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம்.

கழுத்தை மட்டும் விவரம் படித்து முடிவு செய்யாதீர்கள். பழைய கழுத்துகள் முதுகுப்புறம் வி எழுத்துப் போலக் கூர்ந்திருக்கும். கட்டைவிரலை மேலே வளைத்துப் பிடிப்பவருக்கு அது சுகம், உள்ளங்கையைத் தள்ளி வைத்து வாசிப்பவருக்கு உறுத்தல். கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டின் அகலம் ஓஎம்மில் 44.5 மில்லிமீட்டர், பிற்கால ட்ரெட்நாட்டுகளில் 43. ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று நினைக்கலாம். விரல் அதை உடனே சொல்லிவிடும்.

ஒன்றில் மட்டும் பழமையை விட்டுவிடச் சொல்வேன். கழுத்துக்குள் திருகித் திருத்தும் இரும்புக் கம்பிக்கு கிப்சன் 1923இலேயே காப்புரிமை பெற்றது. மார்ட்டின் 1985இல்தான் அதை ஏற்றது. பழமையை அப்படியே பின்பற்றும் சில கிட்டார்களில் இன்றும் அது இருக்காது. இந்த வாத்தியத்துக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் ஏற்றது. நம் கடலோர ஊர்களில் அது பெரும்பாலும் அதற்கு மேல். பலகை ஈரத்தில் உப்பும், கம்பி உயரும், விரல் வலிக்கும். திருத்த வழியுள்ள கழுத்தே இங்கே நல்லது. 12ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்குக் கீழே சுமார் 2.5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கலாம். அதைவிட உயர்ந்திருந்து, பிரிட்ஜின் மேலிருக்கும் எலும்புத் துண்டும் ஏற்கெனவே தேய்ந்து தாழ்ந்திருந்தால், கழுத்தையே கழற்றிப் பொருத்தும் பெரிய செலவு காத்திருக்கிறது.

கடைசியாக ஒரு சோதனை. உங்களுக்கு மனப்பாடமான ஒரே பாட்டை எல்லாக் கிட்டாரிலும் வாசியுங்கள். பிறகு கிட்டாரை நண்பர் கையில் கொடுத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு நில்லுங்கள். அவர் ஒரு சுரத்தை மீட்டட்டும், அது முழுவதும் அடங்கும்வரை கேளுங்கள். அடுத்த கிட்டாரிலும் அதே சுரம். மீன்முள் வரியும் தேன் நிற மெருகும் அப்போது உங்கள் கண்ணில் படாது. எந்தச் சுரம் அடங்கும்போது இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறதோ, அந்தக் கிட்டாரை வாங்குங்கள். அதில் வரியும் இருந்தால் மகிழ்ச்சி.