மீன் மாத்திரை போட்டா கர்ப்பகாலச் சர்க்கரை குறையுமா?

(திருப்பரங்குன்றத்தில் கர்ப்பிணித் தாய்மார்கள் கூடிய நிகழ்ச்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காமார்கள், கூட வந்திருக்கிற அம்மாமார்கள், ஓரமா நிற்கிற அண்ணன்மார்கள், எல்லாரும் கொஞ்சம் முன்னாடி வந்து உட்காருங்க. நான் டாக்டர் இல்லை. செய்தித் துறையில் எழுதுகிற வேலை. டாக்டர்கள் சொல்றதை உங்க போனுக்குப் புரிகிற மாதிரி கொண்டு வர்றதுதான் என் பொறுப்பு.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுது: "கர்ப்பத்தில் சர்க்கரையா? மீன் எண்ணெய் மாத்திரை போதும், ஊசி வேண்டாம்." இதை நம்பி ஊசியை நிறுத்தினா பாதிக்கப்படுறது வயித்துல இருக்கிற பிள்ளை. அதனாலதான் இன்னைக்கு இதைப் பத்திப் பேச வேண்டியிருக்கு.

மாசம் ஏற ஏற நஞ்சுக்கொடியில் சுரக்கிற ஹார்மோன்கள் அம்மாவோட இன்சுலினை முழுசா வேலை செய்ய விடாது. உடம்பு கூடுதலா இன்சுலின் சுரந்து சமாளிச்சா சரி. முடியலைன்னா ரத்தத்தில் சர்க்கரை ஏறும். அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியா பிள்ளைக்குப் போகுது, அம்மாவோட இன்சுலின் போகாது. பிள்ளை தானே இன்சுலினை நிறையச் சுரந்து, கொழுத்து வளருது. பிரசவம் சிக்கலாகலாம். பிறந்த சில மணி நேரத்தில் பிள்ளைக்குச் சர்க்கரை திடீர்னு இறங்கலாம். "பிள்ளை நல்லா புஷ்டியா இருக்கு"ன்னு பாட்டிமார் சந்தோஷப்படுற எடையும் சில நேரம் இதனால வந்ததா இருக்கும்.

இப்போ மீன் மாத்திரை. அதில் இருக்கிறது ஒமேகா-3 கொழுப்பு. நல்ல கொழுப்புதான், அதில் சந்தேகமில்லை. ஆஸ்திரேலியாவில் 2,399 கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்குத் தினமும் 800 மில்லிகிராம் டிஹெச்ஏ உள்ள மீன் எண்ணெய், மறுபாதிக்கு வேறு எண்ணெய். மீன் எண்ணெய் குடிச்சவங்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை குறைவா வரலை. சர்க்கரை வந்த பிறகு கொடுத்துப் பார்த்த சின்னச் சின்ன ஆய்வுகளும் இருக்கு. ஈரானில் ஆறு வாரம் கொடுத்ததில் இன்சுலின் வேலை செய்றது கொஞ்சம் மேம்பட்டது, ஆனா வெறும் வயித்துச் சர்க்கரை பெரிசா இறங்கலை. இதை வைத்து ஊசியை நிறுத்த முடியுமா?

ஒமேகா-3 எடுத்தவங்களுக்குக் குறைமாதப் பிரசவம் ஓரளவு குறையுதுன்னு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவங்க சொல்றாங்க. அதனால உங்க டாக்டரே எழுதிக் கொடுத்திருந்தா நீங்களா நிறுத்த வேண்டாம். நீங்களா வாங்குறதுதான் பிரச்சினை. டப்பாவில் 'மீன் எண்ணெய்'னு போட்டிருக்கிறது வேற, 'மீன் ஈரல் எண்ணெய்'னு போட்டிருக்கிறது வேற. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ அதிகம். அளவு மிஞ்சினா கருவையே பாதிக்கும். ஆன்லைன்ல 'கார்ட்'ல போடுறதுக்கு முன்னாடி அந்த ஒரு வார்த்தையைப் பாருங்க.

மீன் சாப்பிடுறவங்களுக்கு ஒரு டப்பா விலையில் எவ்வளவு மத்தி வரும்! சாளைன்னு சொல்றோமே, அதேதான். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து நம்ம மதுரைக்கு வருது. வாரம் ரெண்டு தடவை குழம்பு வைங்க, பொரிக்க வேண்டாம். சுறா மட்டும் இப்போ வேண்டாம், அதில் பாதரசம் சேரும். சைவமா? ஆளி விதை, வால்நட் இருக்கு. குழம்பு ருசியா இருக்குன்னு சோத்தை மட்டும் கூட்டிடாதீங்க. சர்க்கரையை ஏத்துறது அதுதான்.

சரி, உண்மையில் என்ன செய்யணும்? சோதனை. சென்னை டாக்டர் வி. சேஷையா குழுவினர் 2005–2007இல் தமிழ்நாட்டில் பார்த்தப்போ, நகரத்தில் நூத்துக்கு 17.8, கிராமத்தில் 9.9 கர்ப்பிணிகளுக்கு இந்தச் சர்க்கரை இருந்தது. அவர் பிறந்த நாளான மார்ச் 10 இப்போ இதற்கான தேசிய விழிப்புணர்வு நாள். அவங்க கொண்டு வந்த முறையில் வெறும் வயித்தோட வர வேண்டியதில்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில் கலந்து குடிக்கணும், ரெண்டு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க. 140 அல்லது அதுக்கு மேலன்னா சர்க்கரை இருக்கு. குடிச்ச அரை மணிக்குள்ள வாந்தி எடுத்துட்டா சொல்லிடுங்க, மறுநாள் திரும்பச் செய்வாங்க. முதல் தடவை போகும்போது ஒண்ணு, 24லிருந்து 28 வாரத்துக்குள்ள இன்னொண்ணு. முதல்ல இல்லைன்னு வந்தாலும் ரெண்டாவதை விடாதீங்க.

சர்க்கரை இருந்தா, உடனே ஊசி கிடையாது. ரெண்டு வாரம் சாப்பாடும் நடையும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே வந்தா அப்படியே தொடரலாம். வரலைன்னாதான் மாத்திரையோ இன்சுலினோ. "ஊசி போட்டா பிள்ளைக்கு ஆகாது"ன்னு பயப்படாதீங்க. இன்சுலின் பிள்ளைக்குப் போகாதுன்னு இப்பதானே பார்த்தோம்.

நம்ம ஊரில் ஒண்ணு சொல்லியே ஆகணும். சஷ்டிக்கு விரதம் இருக்கிற அக்காமார்கள், ஊசி போட்டுட்டு பட்டினி கிடந்தா சர்க்கரை அபாயமா இறங்கும். டாக்டரைக் கேட்காம இருக்காதீங்க. முருகன் கோவிச்சுக்க மாட்டார். அரசு தர்ற ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வர்ற பேரீச்சம்பழத்தையும் எவ்வளவு சாப்பிடலாம்னு கேட்டுக்கோங்க.

கர்ப்பத்தைப் பதியாதவங்க பிக்மி இணையதளத்தில் போன்லயே பதியலாம். சந்தேகம்னா 104க்குக் கூப்பிடுங்க. அந்த வாட்ஸ்அப் செய்தி வந்தா, அதை அனுப்பினவங்களுக்கே இந்த எண்ணைத் திருப்பி அனுப்புங்க.

பிரசவம் முடிஞ்சு ஆறாவது வாரத்தில் குளுக்கோஸ் சோதனை இன்னொரு தடவை உண்டு. பிள்ளைக்குத் தடுப்பூசி போட வர்ற அன்னைக்கே அதையும் கேட்டுச் செஞ்சுக்கோங்க.