ஒரே ஊசியின் பொருளாதாரம்

(பெங்களூரில் மாணவர்கள், அரசு அலுவலர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்ற ஒருவன் பேறுகால அறுவைச் சிகிச்சை பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆன்டிபயாடிக் எனப்படும் நுண்ணுயிர்க் கொல்லி மருந்தும் ஏரி நீரைப் போன்ற பொதுச் சொத்தே. ஏரிகளை இழந்த இந்நகரத்தாருக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் 23.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் அறுவை மூலம் நிகழ்ந்தன. 2019-21 ஆய்வில் இது 31.5 விழுக்காடாயிற்று. இயல்பான பேற்றைக் காட்டிலும் அறுவையில் தாய்க்குத் தொற்று நேரும் வாய்ப்பு பன்மடங்காகும். ஆகவே தடுப்பு மருந்து இன்றியமையாதது. ஆனால் எவ்வளவு, எப்பொழுது?

கத்தி தோலைத் தொடும் வேளையில் மருந்து திசுக்களில் நிறைந்திருத்தல் வேண்டும். எனவே செஃபசோலின் போன்ற மருந்தை அறுவைக்கு 30 முதல் 60 நிமிடங்கள் முன்னதாக ஒருமுறை செலுத்துவதே முறை. குழந்தையைச் சென்றடையும் என்றஞ்சி, தொப்புள்கொடியை இறுக்கிய பின்னர் கொடுக்கும் வழக்கம் முன்பு இருந்தது. முன்கூட்டிக் கொடுப்பதே தாய்க்கு மிகுந்த நன்மை தரும், சேய்க்கு அதனால் தீங்கு காணப்படவில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. கருப்பை அகற்றும் அறுவைக்கும் இவ்விதியே பொருந்தும்.

அறுவை முடிந்தபின் ஐந்து நாள், ஏழு நாள் என்று மருந்தைத் தொடர்வதால் கூடுதல் பயனில்லை. தொற்று உண்மையில் தோன்றினால், அதாவது காய்ச்சல், கருப்பை வலி, துர்நாற்றப் போக்கு காணப்பட்டால், அது தடுப்பன்று, சிகிச்சை. அங்கு கிளின்டமைசினும் ஜென்டமைசினும் போன்ற மருந்துகளைச் சிரை வழியே முறையாகக் கொடுத்தாக வேண்டும். இவ்விரண்டையும் குழப்புவதே விரயத்தின் ஊற்று. தொற்று வந்தால் பழி மருத்துவரைச் சேருகிறது. மிகைமருந்தின் விலையையோ குடும்பமும், நாளை அம்மருந்து பலிக்காமற்போகும் வேறொரு தாயும் செலுத்துகின்றனர். கணக்கில் வராத இச்செலவைப் பொருளியலார் புறவிளைவு என்பர்.

பெலகாவியும் நாகபுரியும் பங்கேற்ற ஏழு நாட்டு ஆய்வொன்று 2023இல் வெளியாயிற்று. இயல்பான பேற்றை எதிர்நோக்கிய 29,000-க்கு மேற்பட்ட தாய்மாருள், பிரசவ வேளையில் 2 கிராம் அசித்ரோமைசினை ஒருமுறை உட்கொண்டோரிடையே குருதி நச்சுத் தொற்று அல்லது மரணம் 2.4இலிருந்து 1.6 விழுக்காடாகக் குறைந்தது. சிசு மரணத்தில் மாற்றமில்லை. இதைக்கொண்டு எல்லாப் பிரசவங்களுக்கும் மருந்தளிக்கலாமா? தொற்று மிகுந்த பகுதிகளில் தொடங்கி, எதிர்ப்பாற்றலைக் கண்காணித்தபின் விரிவாக்குவதே விவேகம் என்பது என் கருத்து.

1954இல் பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் அமைந்தபோதும், 1981இல் இந்நகரில் கர்நாடக ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் உருவானபோதும் மருந்து கிடைப்பதே பெருங்கவலை. இன்று மாவட்ட மருத்துவமனையை மேற்பார்வையிடும் அலுவலர், எத்தனை குப்பிகள் செலவாயின என்பதோடு, முதல் ஊசி எத்தனை மணிக்கு இடப்பட்டது, கத்தி எத்தனை மணிக்கு வைக்கப்பட்டது என்னும் இரு பதிவுகளையும் கேட்டுப் பெறல் வேண்டும்.