துடைப்பம் ஏந்திய மாணவர்கள்

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்த தமிழருள் பலர் கொல்கத்தாவின் காளிகாட்டையும் லேக் மார்க்கெட்டையும் சூழ்ந்த தெருக்களில் வாழ்ந்து வருகிறோம். இங்குள்ள காளி கோயிலில் 1899-ஆம் ஆண்டு மே 28 அன்று அயர்லாந்தில் பிறந்த பெண்மணி ஒருவர் காளி வழிபாட்டைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். அவரே சகோதரி நிவேதிதை. பாரதியார் 1908-இல் தம் 'சுதேச கீதங்கள்' நூலைச் சமர்ப்பித்ததும் இவருக்கே. ஆதலின் தமிழருக்கு அவர் அயலார் அல்லர்.

அச்சொற்பொழிவுக்கு இரண்டு திங்கள் முன்னரே வடகல்கத்தாவின் சந்துகளில் அவர் வேறொரு தொண்டைத் தொடங்கியிருந்தார். 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் 1898-இல் கல்கத்தாவை எட்டியது. நோயைக் காட்டிலும் அச்சமே விரைவாகப் பரவிற்று. பரிசோதனைக்கு வருவோரையும் ஊசி போடுவோரையும் மக்கள் பகைவராகக் கருதினர். நகரில் கலகமும் மூண்டது. மருந்து இருந்தும் நம்பிக்கை இல்லையெனில் யாது பயன்?

மறு ஆண்டு நோய் மீண்டும் தலைகாட்டியபோது இராமகிருஷ்ண மடத்தார் தொண்டுக் குழு அமைத்தனர். நிவேதிதை அதன் செயலாளர். சுவாமி சதானந்தர் களத்தில் வேலையை நடத்தினார். 1899 மார்ச் 31 அன்று துப்புரவுப் பணி தொடங்கியது. ஏப்ரலில் கிளாசிக் நாடக அரங்கில், பிளேக் நோயும் மாணவர் கடமையும் என்ற பொருள்பற்றி நிவேதிதை பேசினார். கேட்டவர்களுள் பதினைந்து மாணவர்கள் முன்வந்தனர்.

பதினைந்து என்பது சிறு தொகையே. எனினும் அவர்கள் செய்த வேலையை நோக்குக. துண்டு வெளியீடுகளை வீடு வீடாகக் கொடுத்தனர்; குடிசைகளைப் பார்வையிட்டனர்; ஞாயிறுதோறும் கூடி அடுத்த வேலையைப் பகிர்ந்து கொண்டனர். தெருவைப் பெருக்க ஆள் இல்லாத வேளையில் நிவேதிதை தாமே துடைப்பம் எடுத்தார். அதைக் கண்டு நாணிய இளைஞர் தாமும் எடுத்தனர். குடிசை ஒன்றில் நோயுற்ற குழந்தையை அவர் மடியில் கிடத்திப் பேணியதை மருத்துவர் ராதாகோவிந்த கர் பதிவு செய்துள்ளார். தலைமை என்பது மேடையில் அமர்வது அன்று, முதலிற் குனிவது என்பதை அம்மாணவர் கற்றது அத்தெருவில்தான்.

அன்று துடைப்பத்தால் கற்ற பாடம் பின்னர்க் கல்விமுறையிலேயே இடம்பெற்றது. 1932-இல் இந்நகரில் அகில இந்தியச் சுகாதாரப் பொதுநலக் கழகம் நிறுவப்பெற்றது. மாணவர் ஏட்டோடு நின்றுவிடலாகாது எனக் கருதிச் சிங்கூர்க் கிராமப் பகுதியிலும், காளிகாட்டிற்கு ஆதிகங்கையின் மறுகரையிலுள்ள சேத்லாவிலும் களப்பயிற்சி நிலையங்கள் அமைந்தன. ஒரு குடும்பம் குடிநீரை எங்ஙனம் எடுக்கிறது, தாய் குழந்தைக்கு என்ன ஊட்டுகிறாள் என்பவற்றை நேரிற் கண்டறியாதவன் சுகாதார அதிகாரியாதல் அரிது.

இதற்கு 1971 சான்று பகரும். கிழக்கு வங்காள அகதிகள் எல்லைப்புற வங்காவ் முகாமில் குவிந்தபோது காலரா கொள்ளை கொண்டது. நரம்பின் வழிச் செலுத்தும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்ற திலீப் மகலநபீஸ் சர்க்கரைச் சத்தாகிய குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு ஆகியவற்றை அளவாகக் கலந்து பொட்டலமாக்கி, நீரிற் கரைத்துப் பருகச் செய்தார். கரைசலை ஊட்டியவர் பெரும்பாலும் நோயாளிகளின் உற்றாரே! நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நான்கிற்கும் கீழே இறங்கிற்று. அறிவைத் தம்மிடமே பூட்டி வைக்காது எளியோர் கையில் ஒப்படைத்ததே அவர்தம் தலைமை. 2022-இல் அவர் மறைந்தபின், 2023-இல் பத்மவிபூஷண் விருது அறிவிக்கப்பெற்றது.

நாம் இதிற் கொள்ளத்தக்கது யாது? வேற்று நாட்டில் பிறந்தவர் வங்கத்தின் சந்தைத் தம் முற்றமாகக் கருதினார். நாமோ வங்காளியைக் கடைக்கும் அலுவலகத்திற்கும் போதுமான அளவு கற்றுக்கொண்டு, 'இது நம் ஊர் அன்று' எனக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். டெங்குக் கொசு தமிழன் வீடு, வங்காளி வீடு எனப் பிரித்தறிவதில்லை. நம் பிள்ளைகள் மருத்துவமோ சுகாதாரமோ பயில்வாராயின், விடுமுறையில் ஒரு மாதமேனும் அண்டைச் சேரிக்குச் சென்று நீர்த் தொட்டிகளைப் பார்வையிடட்டும். கரைசல் செய்யும் முறையைத் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். தேர்வில் பெறும் மதிப்பெண்ணால் மாணவன் பட்டதாரி ஆவான். தெருவார் அவனை நம்பிக் கதவைத் திறக்கும் நாளிலேதான் மருத்துவன் ஆவான்.