மெடலை விற்காத விவசாயி



ஐதராபாத்தில் இருக்கும் நீங்கள் கோல்கொண்டா கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கத்தில்தான் இராணுவத்தின் பீரங்கிப் படைப் பயிற்சி மையம் இருக்கிறது. பல ஊர்களிலிருந்து வரும் இளைஞர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. அவர்களுக்கு வெகுகாலம் முன்பே பீரங்கிப் படையில் சேர்ந்த ஒரு விவசாயியின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் உம்ராவ் சிங். 1920-ல் பிறந்தார். இன்றைய அரியானா மாநிலத்தில் ஜஜ்ஜர் அருகே உள்ள பல்ரா அவருடைய கிராமம். 1939-ல் இரண்டாம் உலகப்போர் தொடங்கியது. அந்த ஆண்டே அவர் படையில் சேர்ந்தார். அந்தப் போரில் 25 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் பணியாற்றினார்கள். பலர் ஏர் பிடித்த கையில் துப்பாக்கி பிடித்தவர்கள்.

1944 டிசம்பர் மாதம். பர்மாவில் கலாடன் பள்ளத்தாக்கு. அங்கே ஒரு பீரங்கிக்கு ஹவில்தார் உம்ராவ் சிங் பொறுப்பாளர். ஜப்பானியப் படை ஒன்றரை மணி நேரம் குண்டு மழை பொழிந்தது. பிறகு கூட்டமாகப் பாய்ந்து வந்தது. கையெறி குண்டுகளால் அவருக்குக் காயம். ஆனாலும் அவரும் தோழர்களும் இரண்டு தடவை எதிரிகளை விரட்டினார்கள். அதற்குள் அவரையும் இன்னும் இருவரையும் தவிர மற்றவர்கள் இறந்துவிட்டார்கள்.

மூன்றாம் தடவை எதிரிகள் வந்தபோது தோட்டா தீர்ந்துவிட்டது. உம்ராவ் சிங் என்ன செய்தார்? கடப்பாரை போன்ற ஓர் இரும்புத் தடியை எடுத்தார். அதைக் கொண்டே சண்டை போட்டார். கடைசியில் மயங்கி விழுந்தார்.

ஆறு மணி நேரம் கழித்துத்தான் அவரைக் கண்டெடுத்தார்கள். தலையெல்லாம் காயம். அவர்தானா என்று அடையாளம் தெரியவில்லை. உயிர் மட்டும் இருந்தது. கையில் அந்தத் தடி அப்படியே இருந்தது. பீரங்கி பறிபோகவில்லை. அன்றைக்கே அது மறுபடியும் சுட்டது.

1945-ல் லண்டனில் மன்னர் அவருக்கு விக்டோரியா கிராஸ் மெடலை அணிவித்தார். பிரிட்டிஷ் படையில் வீரத்துக்குத் தரும் மிகப் பெரிய விருது அதுதான்.

சுதந்திர இந்தியாவின் படையிலும் அவர் பணியாற்றினார். 1965-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். சிறிய நிலத்தில் பயிர் செய்தார். வருமானம் குறைவு. அந்த மெடலுக்குப் பெரிய விலை தரப் பலர் தயாராக இருந்தார்கள். அவர் விற்க மறுத்துவிட்டார். விற்றால் போரில் செத்துப்போன தோழர்களுக்கு அவமானம் என்று நினைத்தார்.

ஆனால் அவர் வாய் மூடி இருக்கவில்லை. 1995-ல் போர் முடிந்த 50-ஆம் ஆண்டு விழாவுக்காக லண்டன் போனார். பிரிட்டிஷ் பிரதமர் ஜான் மேஜரைச் சந்தித்தார். விருது பெற்றவர்களுக்குத் தரும் உதவித்தொகை மிகக் குறைவு என்று நேரில் சொன்னார். அந்த ஆண்டே உதவித்தொகை வருடத்துக்கு 1,300 பவுனாக உயர்ந்தது. இது அவருக்கு மட்டும் கிடைத்ததல்ல. அந்த விருது பெற்று உயிரோடு இருந்த மற்றவர்களுக்கும் கிடைத்தது.

2005 நவம்பர் 21 அன்று உம்ராவ் சிங் காலமானார். மெடல் கடைசிவரை அவரிடமே இருந்தது.

நண்பர்களே, அவர் மானத்தை விற்கவில்லை. உரிமையை விட்டுக் கொடுக்கவும் இல்லை. நமக்குச் சேர வேண்டியதைக் கேட்பது பிச்சை ஆகாது.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் முதியோர் பென்ஷனோ, விதவை பென்ஷனோ யாருக்குச் சேர வேண்டும்? எவ்வளவு? ஒழுங்காக வருகிறதா? உங்கள் கையாலேயே எழுதிப் பாருங்கள். வரவில்லை என்றால் எங்கே கேட்க வேண்டும் என்பதை அடுத்த வகுப்பில் எல்லோரும் சேர்ந்து பேசுங்கள்.