ஏறு, இறங்கு, போ, வா: ஆங்கிலத்தில் எப்படி?



மைசூர் நகரப் பேருந்து ஒன்று நிறுத்தத்தில் வந்து நிற்கிறது. நடத்துநர் கன்னடத்தில் "இளீரி, இளீரி" என்கிறார். தமிழ் பேசும் பாட்டி தம் பேத்தியிடம் "இறங்கு கண்ணு" என்கிறார். பின்னால் நிற்கும் கல்லூரி மாணவர் முன்னால் நிற்பவரிடம் "கெட்டிங் டவுன்?" என்று கேட்கிறார். மூன்று மொழி, ஒரே செயல். எல்லாரும் இறங்கிவிட்டார்கள். யாருக்கும் குழப்பம் இல்லை.

அதே மாணவர் லண்டனில் பேருந்து ஏறினால், அங்குள்ளவர்கள் "கெட்டிங் ஆஃப்?" என்று கேட்பார்கள். "டவுன்" என்றால் கீழே. "ஆஃப்" என்றால் விலகி. இறங்குவதற்கு ஏன் "விலகு" என்கிறார்கள்?

"இறங்கு" என்பது ஒரே சொல். மேலிருந்து கீழே வருவது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஏறு, நுழை, புகு, கட, திரும்பு எல்லாம் அப்படித்தான். கன்னடத்திலும் ஏறுவதற்கு "ஹத்து", இறங்குவதற்கு "இளி". வினைச்சொல்லே திசையைச் சொல்லிவிடும்.

ஆங்கிலப் பேச்சில் ஏற்பாடு வேறு. கோ, கம், கெட், டேக், புட் என்று சின்னச் சின்ன வினைகள். இவை எந்தப் பக்கம் என்று சரியாகச் சொல்வதில்லை. பின்னால் ஒரு குட்டிச்சொல் வரும். அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப், பேக், அவே. திசையைச் சொல்வது அந்தக் குட்டிச்சொல்தான். மாடு ஒன்றுதான். கயிறு எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் வண்டி போகும். "கோ அப்" என்றால் ஏறு. "கோ டவுன்" என்றால் இறங்கு. "கோ இன்" என்றால் உள்ளே போ. "கோ பேக்" என்றால் திரும்பிப் போ. சாமுண்டி மலைப் படிகளில் ஏறுவது "கோயிங் அப்". தரிசனம் முடிந்து இறங்குவது "கமிங் டவுன்".

ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இல்லவே இல்லையா? இருக்கிறது. என்டர் என்றால் நுழை. ரிட்டர்ன் என்றால் திரும்பு. இவை பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தவை. பாடப் புத்தகத்திலும் அறிவிப்புப் பலகையிலும் இவை நிறைய இருக்கும். வாய்ப் பேச்சில் குட்டிச்சொற்கள்தாம் அதிகம். பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலம் படித்தவர்கூட பேச்சைக் கேட்டுத் திகைப்பதற்கு இது ஒரு காரணம். அது அவர் குற்றம் இல்லை.

இதைப் பற்றி 1985-இல் லெனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியறிஞர் விரிவாக எழுதினார். சில மொழிகள் போகும் பாதையை வினைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். ஸ்பானிஷ் மொழி அப்படி. சில மொழிகள் பாதையை வினைக்கு வெளியே, தனிச் சொல்லில் வைக்கும். ஆங்கிலம் அப்படி. "இறங்கு", "நுழை" என்பவற்றைப் பார்த்தால் தமிழ் ஸ்பானிஷ் பக்கம் நிற்கிறது.

இனி பேருந்துக்கு வருவோம். பேருந்து, ரயில், விமானம் ஆகியவற்றில் ஏறுவது "கெட் ஆன்". இறங்குவது "கெட் ஆஃப்". கார், டாக்சி, ஆட்டோவில் ஏறுவது "கெட் இன்". இறங்குவது "கெட் அவுட்". ஏன் இந்த வேறுபாடு? உள்ளே எழுந்து நிற்கலாம், நடக்கலாம் என்றால் "ஆன்". குனிந்து நுழைந்து உட்கார மட்டும் இடம் என்றால் "இன்". சைக்கிளுக்கும் குதிரைக்கும் மேலே உட்காருவதால் "ஆன்". இந்தக் கணக்குப் பெரும்பாலும் சரியாக வரும்.

அப்படியானால் "கெட் டவுன்" தப்பா? நம் நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் சொல்கிறார்கள். எல்லாருக்கும் புரிகிறது. "இறங்கு" என்பதையும் "இளி" என்பதையும் மனத்தில் வைத்துப் பிறந்த ஆங்கிலம் அது. அதைச் சொன்னதற்காக ஒருவரைப் பார்த்துச் சிரிப்பதுதான் தப்பு. ஆனால் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபத்து நேரத்தில் ஒருவர் "கெட் டவுன்!" என்று கத்தினால், வண்டியை விட்டு இறங்கு என்று பொருள் இல்லை. குனி, தரையோடு படு என்று பொருள்.

இதைவிட மோசமானது "லுக் அவுட்". லுக் என்றால் பார். அவுட் என்றால் வெளியே. ரயிலில் ஒருவர் "லுக் அவுட்!" என்று கத்த, இன்னொருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார் என்று ஒரு பழைய வேடிக்கைக் கதை உண்டு. கதைக்குச் சிரிக்கலாம். ஆலையிலோ கட்டட வேலையிலோ மேலிருந்து ஏதாவது விழும்போது இந்தக் குரல் வந்தால் சிரிக்க முடியாது. "லுக் அவுட்" என்றால் "ஜாக்கிரதை". தலையை நீட்டக் கூடாது, விலக வேண்டும்.

தமிழ்நாட்டுப் பேருந்தில் நடத்துநர் "ஓல்டான்" என்று குரல் கொடுப்பார். வண்டி நிற்கும். அது "ஹோல்ட் ஆன்" என்ற ஆங்கிலச் சொல்தான். நம் நாக்கில் தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் அதற்குக் கெட்டியாகப் பிடித்துக்கொள் என்றும் பொருள், கொஞ்சம் பொறு என்றும் பொருள். தொலைபேசியில் "ஹோல்ட் ஆன்" என்றால் காத்திருங்கள், வைத்துவிடாதீர்கள் என்று அர்த்தம். வேலை கேட்டுப் பேசும்போது இது தெரியாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டால் வேலையே கைநழுவிப் போகலாம்.

"ஆஃப்" என்பதற்கு வருவோம். ஒட்டியிருந்தது விலகினால் "ஆஃப்". மைசூர் அரண்மனைக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றுகிறோம். அது "டேக் ஆஃப்". விமானம் தரையை விட்டுக் கிளம்புவதும் "டேக் ஆஃப்"தான். கால் பேருந்தை விட்டு விலகுவதால் "கெட் ஆஃப்". மின்சாரம் விலகினால் விளக்கு "கோஸ் ஆஃப்". இதுவரை சரி. ஆனால் கடிகாரத்தில் அலாரம் அடித்தால் அதுவும் "கோஸ் ஆஃப்". இங்கிலாந்தில் பால் கெட்டுவிட்டாலும் "கோஸ் ஆஃப்". இது என்ன கூத்து என்று தோன்றும்.

தமிழைக் கொஞ்சம் பாருங்கள். "பால் கெட்டுப் போச்சு" என்கிறோம். பால் எங்கே போனது? பாத்திரத்திலேயேதான் இருக்கிறது. "கரண்ட் போச்சு", "மறந்து போச்சு", "தூக்கம் வருது". இந்தப் போவதற்கும் வருவதற்கும் கால் கிடையாது. மைசூர் மானசகங்கோத்ரியில் 1969-இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் இருக்கிறது. அதன் இயக்குநராக இருந்த இ. அண்ணாமலை தமிழின் இத்தகைய துணைவினைகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அது 1985-இல் வெளிவந்தது. போ, வா, விடு, கொள் போன்றவை இன்னொரு வினைக்குப் பின்னால் வந்து பொருளை மாற்றும். ஆங்கிலக்காரர் குட்டிச்சொல்லால் செய்யும் வேலையை நாம் துணைவினையால் செய்கிறோம். நம் மொழி படிக்க வரும் வெள்ளைக்காரருக்குக் "கெட்டுப் போச்சு" அதே கூத்தாகத்தான் இருக்கும்.

சில இடங்களில் ஆங்கிலச் சொல்லை நாம் அப்படியே பெயர்த்தும் வைத்திருக்கிறோம். சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் எழுந்து போவது வெளிநடப்பு. "வாக் அவுட்" என்பதன் தமிழ்தான் அது. நல்ல சொல்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லி வையுங்கள். கல்லூரிப் படிப்பை முடித்ததை இங்கே "பாஸ்டு அவுட்" என்கிறார்கள். வெளிநாட்டவர் காதில் அது மயங்கி விழுந்தார் என்று கேட்கும். நேர்காணலில் "கிராஜுவேட்டட்" என்பது நல்லது. மருத்துவமனையில் "பாஸ்டு அவுட்" என்றால் மயக்கம்தான்.

கடைசியாக, விடைபெறுவது. நாம் "போறேன்" என்று சொல்வதில்லை. சொன்னால் பெரியவர்கள் கோபிப்பார்கள். "போயிட்டு வரேன்" என்போம், அல்லது "வரேன்" என்போம். கன்னடத்தாரும் "பர்தீனி" என்றே விடைபெறுவார்கள். வெளிநாட்டவர் வீட்டில் சமையல் வேலை செய்யும் ஓர் அக்கா, அதையே ஆங்கிலமாக்கி "ஐ ஆம் கமிங்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் அம்மையார் இதோ வருகிறாள் என்று காத்துக்கொண்டிருப்பார். "ஐ ஆம் கோயிங்" என்று சொல்ல அக்காவுக்கு வாய் வராது. "ஐ வில் பி பேக் டுமாரோ" என்று சொல்லலாம். நாளை திரும்பி வருவேன் என்று பொருள். "பேக்" என்ற குட்டிச்சொல்லில் போவதும் இருக்கிறது, வருவதும் இருக்கிறது.